புகைக் கொட்டகையில் ஒரு லைவ்: கோலா பிலா அருகே டிஜிட்டல் விழா

போன மாதம், ஒரு சனிக்கிழமை. தனியாகப் போனேன்.

கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பிராண்டுகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. கொஞ்ச நாளாகவே நான் எழுதும் எல்லா வாசகங்களும் ஒரே வாசகம் போலத் தெரிந்தன. சவர்க்காரத்துக்கு எழுதியதைக் காப்பீட்டுக்கு வைத்தாலும் பொருந்தியது. அப்போதுதான் இந்த அறிவிப்பைப் பார்த்தேன். கோலா பிலாவுக்கு அருகே, ரப்பர் உற்பத்தியை நிறுத்திவிட்ட ஒரு தோட்டத்தின் புகைக் கொட்டகையில் இரண்டு நாள் டிஜிட்டல் புத்தாக்க விழா. செயற்கை நுண்ணறிவு, ட்ரோன், கைப்பேசி நேரலையில் பேசி விற்கும் லைவ் விற்பனை. அனுமதி இலவசம். ரப்பர் சீட்டுகள் புகையில் உலரத் தொங்கிய இடத்தில் திரைகள் தொங்குமாம். போய்ப் பார்க்கத் தோன்றியது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில். சிரம்பானுக்கு டிக்கெட் எட்டு வெள்ளி எழுபது காசு, ஒன்றேகால் மணி நேரம். வார இறுதியில் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம். ஒன்றைத் தவற விட்டால் காலை போய்விடும். நீலாயைத் தாண்டியதும் எண்ணெய்ச் செம்பனை. பிறகு வீடுகள். மறுபடி செம்பனை. ஜன்னலில் என் முகம், அதன் வழியே மரங்கள்.

சிரம்பானிலிருந்து விழா இடம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். தோட்டத்துக்குள் பஸ் போகாது. நிலையத்து வாசலில் செயலியில் கார் கூப்பிட்டேன், ஐம்பத்திரண்டு வெள்ளி காட்டியது. வந்தது ஒரு பழைய வெள்ளை நிறக் கார். ஓட்டுநர் சேகர், நாற்பது வயதிருக்கும். கதவைத் திறந்ததும் புளித்த வாசனை.

"தங்கச்சி, பேக்க மடியில வச்சிக்கிறீங்களா? பின்னால பூரா போத்தலு."

"என்ன போத்தல் அண்ணே?"

"கெலுலுட் தேனு. கொட்டாத தேனீ இருக்குல்ல, சின்னதா ஈ மாதிரி? அது. புளிக்கும். வாங்கிக் குடிச்சிட்டு, கெட்டுப்போனத வித்துட்டேன்னு வூடு தேடி சண்டைக்கு வந்தவங்களும் இருக்காங்க."

போகும் இடத்தைச் செயலியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவரும் அங்கேதான் போகிறாராம். மூன்று மணிக்கு மேடையேறப்போவது அவருடைய மனைவி கோகிலா.

"அப்புறம் ஏன் அண்ணே ஆள் ஏத்துறீங்க?"

"சும்மா போனா பெட்ரோலுக்கு யாரு குடுப்பா? நீங்க குடுக்கறீங்க லா."

புக்கிட் புத்தூஸ் மேம்பாலத்தில் கார் ஏறும்போது இரண்டு பக்கமும் காடு கீழே இறங்கிவிடுகிறது. மேகம் கண்ணாடிக்கு நேராக வருகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே பகலில் போங்கள். அங்கேதான் சேகர் அண்ணன் மற்றதையும் சொன்னார். கோகிலா பதினோரு வருடமாகச் செனவாங்கில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். தேனை ஒரு தொழிலாக்கிப் பார்க்கச் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். அது மறுநாள், ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. விழாவில் ஐந்து சிறு வியாபாரிகள் லைவில் விற்பார்கள். ஒரு பேரங்காடி அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தன் கடைகளில் இடம் கொடுக்கும்.

"கெடச்சா திங்கக்கெழம ஃபேக்டரி பஸ்ஸு ஏற மாட்டா. கெடைக்கலன்னா ஏறுவா. அவ்ளோதான்."

"நல்லாப் பேசுவாங்களா?"

"பேசறதா? எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுல அவதான் மைக்கு. உபயக்காரங்க பேரு, வந்தவங்க பேரு, எந்த டிவிஷன், எந்த லயம், எல்லாம் சொல்லணும். ஒருத்தர விட்டாலும் போச்சி. ஒரு வருசம் ஒரு குடும்பத்த விட்டுட்டாங்க. சாமி ஊர்வலத்துக்கே வரலியே அவங்க!"

தோட்டத்தின் பிரிவு டிவிஷன், தொழிலாளர் வீட்டு வரிசை லயம். நான் சிரித்தேன். அதைக் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

புகைக் கொட்டகையை முதலில் பார்க்கும்போது கண் பழகச் சற்று நேரமாகிறது. பல வருடப் புகை சுவரில் கறுப்பாகத் தடித்துப் படிந்திருக்கிறது. வெளிச்சம் எதையும் அந்தச் சுவர் திருப்பித் தருவதில்லை. அதனால் உள்ளே வைத்த திரைகள் இரவில் மிதப்பவை போல இருந்தன. எந்த மாநாட்டு மண்டபத்திலும் இவ்வளவு துல்லியமான நிறத்தை நான் பார்த்ததில்லை. விழாவுக்காகச் சுவரைச் சுத்தம் செய்யாமல் விட்டவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

காலை முழுவதும் சுற்றினேன். செம்பனைக்கு மேலே பறந்து பழுத்த குலைகளை எண்ணும் ட்ரோன். போத்தலில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால், அது எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் செயலி. சின்னக் கடைக்காரர் தன் பொருளைப் பற்றி நாலு வரி பேசினால் போதும், லேபிள் வடிவமைத்துத் தரும் மென்பொருள். என் வேலையில் மூன்று பேர் ஒரு வாரம் செய்வது. பொறாமையும் வியப்பும் ஒரே நேரத்தில்.

அந்த மென்பொருளிடம், தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணைப் படமாகக் கேட்டேன். முதுகில் கூடையோடு தேயிலை பறிக்கும் பெண்ணைத் தந்தது. ரப்பரும் செம்பனையும் விளையும் இந்த நெகிரி செம்பிலானில். சாவடியில் இருந்த மலாய் இளைஞர் தலையில் கை வைத்துச் சிரித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கத்தி எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சேகர் அண்ணன் காற்றில் வரைந்து காட்டினார். மாலைக்குள் படம் மாறியிருந்தது. கூடை போய்விட்டது. கத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் சமையல் கத்தி போல.

உரைகளில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். விளம்பரம் பெரிதாக ஆகிக்கொண்டிருந்த காலம் போய், சின்னதாகிக்கொண்டிருக்கிறது. கோடிப் பேருக்கு ஒரே படம் என்பதைவிட, இருநூறு பேருக்கு ஒரு முகம். அந்த முகம் பேசுவது, தடுமாறுவது, பதில் சொல்வது. லைவ் விற்பனை அதனால்தான் இத்தனை வேகமாகப் பரவுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதல்ல, எத்தனை பேர் போகாமல் இருந்தார்கள் என்பதே கணக்கு.

மேடைக்குப் பின்னால் சேகர் அண்ணன் என்னைக் கோகிலா அக்காவிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். மெலிந்த உடல், பெரிய குரல். லைவ் பயிற்சியாளர் ஃபாரிஸ் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினைந்து நிமிடம். முதலில் பொருளைக் காட்ட வேண்டும். பிறகு சுவை, விலை, வாங்கும் இணைப்பு. எதிரே உள்ள திரையில் செயற்கை நுண்ணறிவு அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும். தமிழில் பேசலாம், பேரங்காடி அதிகாரிக்கு மலாய் வரிகள் பெரிய திரையில் ஓடும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பயமா இருக்கா அக்கா?"

"மைக்குக்கு என்னா பயம்? திங்கக்கெழமதான் பயம்."

மூன்று மணி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து என் கைப்பேசியிலும் லைவைத் திறந்து வைத்தேன். அக்கா போத்தலைக் கையில் எடுத்தார். "வணக்கம், இது நம்ம தோட்டத்துக் கெலுலுட் தேனு" என்றார். நல்ல தொடக்கம். அப்போது திரையில், லைவுக்குள் நுழைந்த ஒருவரின் பெயர் எட்டிப் பார்த்தது.

"ஆ, முனியாண்டி மாமா! மூனாம் டிவிஷன். வாங்க மாமா, இப்ப நீலாயில இருக்காரு. சரஸ்வதி! மேட்டு லயம், கடேசி வூடு. ஜொகூருக்குக் கட்டிக் குடுத்தது. புள்ளைங்க சொகமா? யாரு இது, ஆஸ்பத்திரி டிரேசர் வூட்டு ரவியா? வாப்பா."

போத்தல் கையிலேயே இருந்தது. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர். தோட்டத்தைவிட்டுப் போனவர்கள், போனவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு டிவிஷன், ஒரு லயம், ஒரு வாங்க. வரி எடுத்துக் கொடுக்கும் திரை பொறுமையாக, 'பொருளைக் காட்டவும்' என்றது. பிறகு சிவப்பில். பெரிய திரையில் மலாய் வரிகள் ஓட வேண்டிய இடம் முழுக்கப் பெயர்கள். பேரங்காடி அதிகாரி, நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி, தலையைச் சாய்த்து அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது நிமிடம் யாரோ எழுதினார்கள்: என் பேர விட்டுட்ட கோகிலா.

அக்காவின் முகம் மாறியது. "ஐயோ, தேவகி அத்தையா? மன்னிச்சிக்குங்க அத்த, கண்ணுல படல." பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, இன்னும் இரண்டு பேரை விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். ஓரத்திலிருந்து சேகர் அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு, பெயரை நிறுத்து என்று கழுத்தை அறுப்பது போலச் சைகை. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு போத்தலோடு மேடையிலேயே ஏறிவிட்டார்.

"இந்தா வந்துட்டாரு. நம்ம வூட்டுக்காரரு, சேகரு, ரெண்டாம் டிவிஷன்."

"அடியே, தேனு! தேனப் பத்திச் சொல்லு!"

கொட்டகையே சிரித்தது. அவரே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. கீழே கருத்துகள் ஓடின: எனக்கு ரெண்டு. எனக்கு மூனு போத்தல். அந்த மூஞ்சிக்காகவே ஒன்னு.

நேரம் முடியப்போகிறது. நானும் ஏதாவது எழுதலாம் என்று ஒரு இதயத்தை அனுப்பினேன். என் கணக்கின் பெயர் இந்த வலைப்பதிவின் பெயர்தான்: திசையிலி.

"தெசையிலி… இது யாருன்னு தெரியலியே. பேரச் சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம் நீங்க?"

பல வருடமாக இணையத்தில் என் பெயரை நான் எழுதியதில்லை. எழுதினேன். தர்ஷினி.

"தர்ஷினியா! சிரம்பான் ஸ்டேஷன்ல நம்ம காடியில ஏறுன தங்கச்சி. வாம்மா."

நேரம் முடிந்த மணி அடித்தது. இதற்கு வாசகம் இல்லை என்னிடம்.

அதிகாரி மேடைக்கருகே வந்து மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்ன விலை?

அக்கா வாயில் கை வைத்தார். "அலமாக்! வெலையே சொல்லல!"

பேரங்காடி இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இஞ்சி பானம் செய்யும் இரண்டு மலாய்ச் சகோதரிகளுக்குக் கிடைத்தது. அவர்களுடைய லைவ் அழகாக இருந்தது. நானாக இருந்தாலும் அவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். முதலில் கைதட்டியது கோகிலா அக்கா. ஃபாரிஸ் மட்டும் தன் கணினியைத் திருப்பி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பார்வையாளர் எண்ணிக்கைக் கோடு. மற்ற நான்கு பேருக்கும் அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அக்காவின் கோடு ஏறியது, இறங்கவே இல்லை. தன் பெயர் வரும்வரை காத்திருந்தார்கள், சரி. வந்த பிறகும் யாரும் போகவில்லை. அடுத்தவர் பெயரைக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தரை மணிக்கு அதே காரில் சிரம்பானுக்குத் திரும்பினோம். அக்கா முன்னால். கொஞ்ச தூரம் போனதும் சேகர் அண்ணன் ஆரம்பித்தார்.

"ஒலகத்துலயே வெல சொல்லாம வித்த ஒரே ஆளு நீதான் லா."

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாருங்க."

"மறந்துட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"மறக்கல… பேரு வந்துகிட்டே இருக்கு, நடுவுல எப்படிம்மா வெல சொல்றது?" கைப்பேசியில் வந்த கருத்துகளைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, போத்தல் பத்தாது போல இருக்கே." புக்கிட் புத்தூஸில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. நிலையத்தில் இறங்கும்போது திங்கட்கிழமை பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விழா மறுபடி நடக்கும் என்றார்கள், தேதி தெரியாது. நடந்தால் முதல் நாளே போங்கள். கறுப்பு உடை அணியுங்கள். சுவரில் சாய்ந்தால் புகைக்கறை ஒட்டும், போகாது. கொட்டகைக்குள் சிக்னல் சுமார், வெளியே ரப்பர்ப் பால் சேர்த்து வைத்த பழைய பால் ஸ்டோர் பக்கம் நன்றாகக் கிடைக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் ரொக்கம்தான் ஓடும், டிஜிட்டல் விழாவாக இருந்தாலும். திரும்புவதற்குக் காரை முன்பே பேசி வையுங்கள். கெலுலுட் தேன் வாங்கினால் மூடியை இறுக்கி மூடாதீர்கள். பொங்கும். என் பையே சாட்சி.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில், கோகிலா அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"தர்ஷினி, பஸ்ஸு வந்துச்சிம்மா. டிரைவரு ஹார்ன் அடிச்சாரு. அப்புறம் என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. நான் வரலண்ணேன்னு சொல்லிட்டேன். இருந்த போத்தலு பூரா வித்துப்போச்சி. இனிமே அந்தச் சின்ன ஈதான் தேனு குடுக்கணும். நீ இன்னொரு போத்தலு கேட்டியே, எடுத்து வச்சிருக்கேன்."

பின்னணியில் பஸ் கிளம்பும் சத்தம். பிறகு ஒரு சேவல்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் லைவ் வருகிறார். விலையை இப்போது சேகர் அண்ணன் ஓர் அட்டையில் எழுதிப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நுழைகிறவர்கள் சொந்தப் பெயரில் நுழையுங்கள். எந்தப் பக்கம் என்று கேட்பார். யோசித்து வையுங்கள்.