அண்ணாச்சி தேர்ந்தெடுத்த வாஷிங் மெஷின்

என் வீட்டுக் குளியலறை வாசலில் முட்டி போட்டு, பென்சிலைப் பல்லில் கடித்தபடி அண்ணாச்சி நிலையை அளந்துகொண்டிருந்ததுதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் இருபதே கால் இஞ்ச். நாங்கள் பார்த்து வைத்திருந்த மெஷின் இருபத்தொன்று. “முக்கா இஞ்ச் நம்மள என்னல செஞ்சிரும்? எத்தன கப்பல் பாத்தாச்சு” என்றார். கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டி வண்ணம் அடிக்கும் எங்கள் கூட்டத்துக்கு அவர் ஃபோர்மேன். தூத்துக்குடிக்காரர். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. கடைக்காரர்களிடம் வங்காளத்தில் சண்டை போடக்கூடியவர் எங்களில் அவர் ஒருவர்தான். அதனால் எங்கள் யார் வீட்டுக்கு எது வாங்கினாலும் அவர்தான் முன்னால் போவார்.

வீடு என்று எனக்கு அமைந்தது அதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கிளம்பியவன். சூரத், மும்பை, விசாகப்பட்டினம் என்று எங்கே வேலை இருந்ததோ அங்கே கொட்டகையில் படுத்தேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. கல்யாணம் ஆகிப் பதினோரு வருடமும் என் மனைவி கோவில்பட்டியில் அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். கல்கத்தா வந்து, டாலிகஞ்சில் ஒரு மாடி அறை, சமையல் மூலை, குளியலறை, குறுகிய பால்கனி என்று வாடகைக்குக் கிடைத்த பிறகுதான் அவளைக் கூப்பிடும் தைரியம் எனக்கு வந்தது. ஆடி மாதம், அடைமழையில் வந்தாள்.

அவளுடைய வலது மணிக்கட்டு அதற்கு முன்பே முறிந்திருந்தது. மினி பஸ் படியில் வழுக்கி விழுந்து, நாட்டுக்கட்டு போட்டு, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள்: “உங்க பாய்லர் சூட்டோட என் கையால மல்லுக்கட்ட முடியாது. தீபாவளி வரைக்கும் பாக்கேன். சரிப்படலன்னா அக்கா வீட்டுக்கே போயிருதேன்.” வேலைக்குப் போட்டுப்போகும் அந்த முழு உடுப்பு நனைந்தால் ஒரு ஆள் கனம் கனக்கும். அவள் கொண்டு வந்த பெட்டியில் பாதி துணி பிரிக்காமலே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடை கடையாக ஏறினோம். என் கையில் இருந்த காசுக்கு எது வரும் என்று கேட்டால், கடைக்காரர்கள் என் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும்? தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தனி மீட்டரா, வீட்டுக்காரரோடு சேர்ந்ததா? நான் சொன்ன பதில் ஒன்றுகூட அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. மாத்தவணைக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். இருபது வருடமாக எந்த ஊரிலும் என் பெயரில் ஒரு கரண்ட் பில்கூட வந்ததில்லை. மொத்தமாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. இருப்பதில் மலிவு, துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக். அது பால்கனியை அடைத்துக்கொள்ளும். அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. “நாமளே துணிய எடுத்து மாத்திப் போடணும்னா அது எதுக்குல மெஷினு?” என்றார். கடைசியில் பார்வைக்கு வைத்திருந்த ஒரு ஃபுல் ஆட்டோமேட்டிக்கைக் கண்டுபிடித்தார். ஆறரைக் கிலோ. பக்கவாட்டில் ஒரு நீளக் கீறல். அதைக் காட்டியே அரைமணி நேரம் பேரம் பேசி விலையை இறக்கினார். என் மனைவியும் அன்று கூட வந்திருந்தாள். நானும் அண்ணாச்சியும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

அந்த முக்கால் இஞ்ச் எங்களை விடவில்லை. குளியலறைக்குள் மெஷின் போகவில்லை. அது இருக்கட்டும், மாடிப்படித் திருப்பத்திலேயே அது திரும்பவில்லை. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களை அண்ணாச்சி போய் அழைத்து வந்தார். கயிறு, கப்பி எல்லாம் அவர்களிடமே இருந்தது. கப்பலில் சாமான் ஏற்றுவதுபோலக் கையசைத்து, “ஆஸ்தே! ஆஸ்தே!”, மெதுவாக மெதுவாக என்று வங்காளத்தில் கத்தி, தெருவே வேடிக்கை பார்க்க, அதைப் பால்கனி வழியாக அறைக்குள் இறக்கினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அவர்மேல் முழுதாகக் கோபப்பட முடிவதில்லை. பூஜை முடிந்ததும் முட்டி ஆபரேஷனுக்கென்று ஊருக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

மெஷின் ஒரு நாள்கூட ஒழுங்காக ஓடவில்லை. பாதித் துவைப்பில் தண்ணீர் நின்றுபோகும். அது நிமிடத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டே இருக்கும். சாயங்காலத் தண்ணீர் வரும்வரை காத்திருக்க முடியாமல், என் மனைவி கீழே போய் வாளி வாளியாகச் சுமந்து வந்து ஊற்றினாள், அதே கையால். அப்புறம் துருத்தூள் அடைத்துக்கொண்டது. பார்க்க வந்த மெக்கானிக், “இந்த மாதிரி துணியை முதலில் கையால் அலசிவிட்டு உள்ளே போடுங்கள்” என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். கையால் அலச முடியாமல்தானே அதை வாங்கினோம்? யாரிடம் போய்ச் சொல்ல? நான் மெஷினை ஓர் உதை உதைத்தேன். என் கால்தான் வீங்கியது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, “டிக்கெட் போட்டுருங்க” என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. போட்டேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து வந்தேன். பால்கனியில் உயரமான மூடிபோட்ட வாளி மாதிரி ஒன்று கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த சிறு குழாயில் அழுக்குத் தண்ணீர் கொட்டியது. கீழ்வீட்டுக்காரரின் மனைவி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை பௌதி என்போம், வங்காளத்தில் அண்ணி.

“என்ன இது?”

“ஸ்பின்னராம். துவைக்காது. பிழிஞ்சு மட்டும் குடுக்கும்.”

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. பௌதி கூட பஜாருக்குப் போனேன். எனக்கு அவங்க பாஷை தெரியாது, அவங்களுக்கு என் பாஷை தெரியாது. துணி முறுக்குத மாதிரி கையக் காட்டி, வலிக்குன்னு மூஞ்சியச் சுளிச்சேன். கடைக்காரரு உள்ள போய் இத எடுத்துட்டு வந்துட்டாரு.” மூடியைத் திறந்து என் பாய்லர் சூட்டை இடது கையால் தூக்கிக் காட்டினாள். சொட்டு விழவில்லை. “எனக்குப் பிழியத்தான் முடியாதுங்க. கல்லுல போட்டு இடது கையால தேச்சுருவேன்.”

எங்கள் மெஷின் விலையில் அது கால்வாசிகூட இல்லை. டிக்கெட்டை ரத்து செய்தோம். பெட்டியில் மீதி இருந்த துணியையும் அவள் எடுத்து அடுக்கினாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பெரிய மெஷின் அறையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு இன்னும் நிற்கிறது. விற்கலாம் என்றால் கீழே இறக்க மூங்கிலும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. அதற்குள் அரிசி மூட்டை இருக்கிறது. ஞாயிறுதோறும் அண்ணாச்சி ஊரிலிருந்து கூப்பிட்டு, “மெஷின் ஓடுதால?” என்பார். “நல்லா ஓடுது அண்ணாச்சி” என்பேன். போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போனை அவள் எடுத்துவிட்டாள். ஈரத்தலையோடு நான் வெளியே வரும்போது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

“பிழியத்தான் முடியலன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா தாயி?”

“சொன்னேன் அண்ணாச்சி. கடையில வெச்சே ரெண்டு தடவ சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் அந்தக் கீறலப் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“அவன்ட்ட குடு” என்றார். கொடுத்தாள்.

“லேய், அவ சொன்னாளால?”

அவள் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கடையில் ஓடிய மின்விசிறிகள், அண்ணாச்சி சொன்ன விலை, கடைக்காரர் சொன்ன விலை எல்லாம் எனக்கு நினைவிருந்தது. அவள் சொன்னது மட்டும் இல்லை.

“தெரியல அண்ணாச்சி” என்றேன்.