பெண் அடித்தால் ரன் இரட்டிப்பு

புனேயின் வாகட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். கட்டடத்துக்கு ஓர் அணி, அணிக்கு எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் பெண்களாக இருந்தே ஆக வேண்டும். பெண்ணுக்குப் பந்து போடுபவர் கையைத் தாழ்த்தி, குழந்தைக்குப் போடுவது போல மெல்லத் தூக்கிப் போட வேண்டும். அவள் அடிக்கும் ரன் இரட்டிப்பாக எழுதப்படும். இங்கே குடிவந்த வருஷம் இந்த விதிகளைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இரண்டு அண்ணன்களோடும் அவர்கள் கூட்டாளிகளோடும் ஆடித்தான் நான் கிரிக்கெட் கற்றேன். அங்கே எனக்காக யாரும் மெதுவாகப் போட்டதில்லை. முழங்காலில் பந்து பட்டு அழுதால், "இன்னாத்துக்கு அழுவுற, கால எடுத்து ஆடு" என்பார் பெரிய அண்ணன். நாற்பதைத் தாண்டி, ஹிஞ்சவடி அலுவலகத்தில் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பெருத்த பிறகும், கையில் மட்டை வந்தால் எனக்கு ரத்தம் சூடாகிவிடும்.

இந்த வருஷம் போட்டிக்கு முன்பு கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து இந்தியில் சொன்னேன்: "எனக்குச் சலுகை வேண்டாம். ஆம்பளைங்களுக்குப் போடுற மாதிரியே போடுங்க. நான் ஒரு ரன் ஓடினா ஒண்ணுன்னே எழுதுங்க."

எங்கள் அணியின் கேப்டன் முதல் மாடியில் இருக்கும் மராத்திக்காரர். என்னை 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அக்கா. அவர் மேஜையைத் தட்டினார். "வாஹ், தாயி! இதைத்தான் நான் வருஷா வருஷம் கத்துறேன். மெரிட்! ஆடத் தெரிஞ்சவங்க ஆடட்டும். அப்படின்னா ரெண்டு பொண்ணுங்க கட்டாயம்ங்கிற விதி மட்டும் எதுக்கு? தாயி மாதிரி ஆடினா யார் வேண்டாம்னு சொல்லப் போறாங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் ஒரு கணம் பூரித்துத்தான் போனேன். அதற்குள் "விதியை எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்ற குரல் கேட்டது. நான் கேட்டது ஒன்று, நடக்கப் போவது வேறு ஒன்று.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். என் எதிர்வீட்டுக்காரி. கோயம்புத்தூரிலிருந்து கணவனின் வேலைக்காக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உடைந்த இந்தியில், "எனக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. "ரெண்டு இடம் இருக்குன்னுதான் பேர் குடுத்தேன். அது இல்லைன்னா என்னை யார் கூப்பிடுவாங்க?"

"ஆட வரலைன்னா எதுக்கும்மா ஆடணும்?" கேப்டன் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஆசையா இருக்கு."

பாதி தூக்கிய கைகள் இறங்கின. முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

லிஃப்டில் நானும் அவளும் மட்டும். நான் பொறுமையிழந்து, "ஆசைன்னா கத்துக்கினு வா. இப்டி கையேந்தினா நாளைக்கு நம்பள யாரு மதிப்பாங்க? நான் நல்லா ஆடினாலும் லேடீஸ் கோட்டான்னுதானே சொல்றாங்க" என்றேன்.

அவளுக்கும் முகம் சிவந்தது. "ஏனுங்க்கா, உங்களுக்கு அண்ணனுங்க இருந்தாங்க, கிரவுண்டு இருந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துல கிரவுண்டு பசங்களுக்கு, எங்களுக்கு வராண்டால ஸ்கிப்பிங் கயிறு. நான் எங்க போயிக் கத்துக்கறதுங்க?"

லிஃப்ட் கதவு திறந்து மூடிக்கொண்டது. இரண்டு பேரும் இறங்காமலே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மறுபடி கீழே போய்விட்டோம். அங்கே நாயோடு ஏறிய ஒருவர் எங்களைப் பார்த்துப் பயந்து மூலையில் ஒதுங்கினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

மறுநாள் வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன்: இரண்டு இடமும் இருக்கட்டும், சலுகை வேண்டுமா வேண்டாமா என்பதை ஆடுகிற பெண்ணே சொல்லட்டும். அதன் மேல் எத்தனை வாக்குவாதம்! காலையில் தொடங்கியது சாயங்காலம் வரை ஓடியது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நான் சலுகை வேண்டாம் என்றேன். அவள் இரண்டு சலுகையும் வேண்டும் என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரையிறுதி. பால்கனிகளில் எல்லாம் தலைகள். நாங்கள் இரண்டாவதாக ஆடினோம். கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டும். நான் பந்தைச் சந்திக்கிறேன், இனி ஆட வர மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். எதிரணியில் போட வந்தவன் இருபத்தைந்து வயசுப் பையன், அம்பு மாதிரி வீசுபவன். முதல் பந்தை மிட்-ஆஃப் தலைக்கு மேலே தூக்கினேன். நான்கு! என் காதுக்குள்ளே விசில் சத்தம். இரண்டாவது பந்து மட்டையைத் தொடாமல் போனது. மூன்றாவதை மொத்த பலத்தோடு சுழற்றினேன். பந்து மேலே, மேலே போய், நேராக ஒருவன் கையில் இறங்கியது.

நான் வெளியே நடந்தேன். அவள் உள்ளே வந்தாள், மட்டையைத் துடைப்பம் போலப் பிடித்துக்கொண்டு. மூன்று பந்து, நான்கு ரன். ஓடிப்போய் அவள் கையைத் திருத்திப் பிடிக்க வைத்தேன். "பந்த மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத."

மெல்ல வந்த முதல் இரண்டு பந்தையும் தவறவிட்டாள். கடைசிப் பந்தை அடித்தாள்! அழகாக ஒன்றும் இல்லை, மண்வெட்டியால் வெட்டுவது போல ஓர் அடி. பந்து ஃபீல்டரின் காலிடுக்கில் நழுவி வேலிப்பக்கம் உருண்டது. "ஓடு! ஓடு! இன்னொண்ணு ஓடு!" நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாவது ரன்னுக்கு அவள் செருப்பு கழன்றும் நிற்காமல் ஓடி வந்து கோட்டின் மேல் விழுந்தாள். இரண்டு, இரட்டிப்பாக நான்கு. ஜெயித்துவிட்டோம்!

கேப்டன் அவளைத் தூக்காத குறை. எதிரணிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "நியாயமாப் பார்த்தா ஒரு ரன்ல தோத்துட்டீங்க மேடம். சலுகை வேண்டாம்னு சொன்னவங்க நீங்கதானே?" என்றார்.

"எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றேன், மூச்சு வாங்க. "அவளுக்கு வேண்டாம்னு சொல்லல." சொல்லிவிட்டேனே தவிர, அவர் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க என்னால் முடியவில்லை. இரட்டிப்புக் கணக்கு இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு இடங்கள் உறுத்தவில்லை.

இறுதிப் போட்டியில் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். நான் கொஞ்சம் அடித்தேன். அவள் ஒரு பந்துகூட ஆடாமல் ரன் அவுட். கேப்டன் மட்டும், "அடுத்த வருஷம் இந்தப் பொண்ணு என் டீம்லதான், யாரும் கேக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மெரிட்டைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் கண்டிப்பாகப் பேசுவார், நானும் சண்டை போடுவேன்.

அடுத்த சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. புது மட்டையோடு, இந்த முறை ஷூ போட்டுக்கொண்டு, அவள்.

"அக்கா, கீழ வர்றீங்களா? கைய மேல சுத்திப் போடுங்க. வேகமாவே போடுங்க."

போட்டேன். முதல் பந்தே முழங்காலுக்குக் கீழே பட்டது. நொண்டிக்கொண்டே போய்ப் பந்தை எடுத்து என் பக்கம் எறிந்தாள்.

"இன்னொண்ணு போடுங்க்கா!"