பிங்கி போட்ட வீடியோ

நியூயார்க்ல வைர நகைக் கடைங்க நெறஞ்ச நாப்பத்தேழாம் தெருவுல பின்ஹாஸ்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. பிங்கின்னு கேளுங்க, வண்டியில கபாப் விக்கிறவன்கூட கைய நீட்டிக் காட்டுவான். சமர்கந்துலேருந்து வந்த புதுசுல ஆளு ஒரு ஜன்னலோரம் உக்காந்து அறுந்த சங்கிலிக்குப் பத்த வெச்சிட்டிருந்தான். ஒரு நாள் ராப் பாடுறவன் ஒருத்தன் வந்து, "பெருசு, என் நாய் மூஞ்சிய வைரத்துல பண்ணித் தருவியா?"ன்னான். பண்ணிட்டான். கொரைக்காததுதான் பாக்கி. அன்னிக்குப் புடிச்சது சுக்கிர தசை. பொண்டாட்டி மட்டும், "நாயக் கழுத்துல தொங்க விடுறவனுக்கெல்லாம் நீ ஆசாரியாக்கும்"னு கிரீன் டீ ஊத்தும்போதெல்லாம் குத்துவா.

அந்தத் தெருவுல நகையவிட வீடியோ முக்கியம். செயின மாட்டிவிட்ட கையோட எடுத்துடணும். ஆனா உடனே நெட்டுல ஏத்தக்கூடாது. போட்டுக்கிட்டவன் பத்திரமா அவன் ஊரு போய்ச் சேரணும், அப்புறந்தான். எவனும் எழுதி வெக்கல, எவனும் மீறவும் மாட்டான்.

டெவான்ட்ரே அட்லாண்டாப் பையன். அவனும் ராப் பாடுறவன், மேடையில பேரு லில் டிராம். பிங்கி கடைக்கு வந்தா ஆட்டுக்கறி சம்சா தின்னாமப் போகமாட்டான். அவன் கேட்டது கழுத்துல தொங்கவிட வைரத்துல ஒரு டிராம் வண்டி. சக்கரம் நெசமாவே சுத்தணும். பிங்கி அதுக்காக சோறு தண்ணி மறந்து கெடந்தான். பக்கத்துக் கடை இலியாவ் சும்மா இருப்பானா? "என்ன பிங்கி, வண்டி இன்னும் டிப்போவுலயே நிக்குதா?"ன்னு நாலு பேரு முன்னாடி சிரிச்சான்.

பிங்கிக்குச் சுருக்குன்னுச்சு. வண்டி முடிஞ்ச அன்னிக்கு, பையன் படியிறங்குறதுக்குள்ள வீடியோவ ஏத்திட்டான். அதுல பையன் சக்கரத்தச் சுத்திவிட்டு, "நேரா ஹார்லம்ல மீன் வறுவல் திங்கப் போறேன்"னு சிரிக்கிறான்.

மீன் கடை வாசல்லயே வழிப்பறிப் பசங்க சுட்டுட்டானுங்க. டிராம் போச்சு. பையனும் போயிட்டான்.

பிங்கி வீடியோவ அழிச்சான். பாக்க வேண்டியவன் பாத்தாச்சே. தெருவுல ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல. இலியாவ் கிண்டல் பண்றதயே நிறுத்திட்டான். அதத்தான் பிங்கியால தாங்க முடியல.

அப்புறம் ஒரு நாள் பையனோட அம்மா லொரெட்டா அவன் போட்டோவோட வந்து நின்னா.

"இந்த முகத்தச் செஞ்சு குடுங்க, என் கழுத்துல போட்டுக்கறேன்."

"இலியாவ் என்னவிட நல்லாச் செய்வாரும்மா."

"அவர எம் புள்ளைக்குத் தெரியாதே. வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுத்தான்."

பிங்கி எந்திரிச்சான். "அம்மா, அந்த வீடியோ..."

"அதுல எவ்வளவு அழகா சிரிச்சான்! ஏன் எடுத்துட்டீங்க?"

பிங்கி போட்டோவ எடுத்து விளக்கடியில வெச்சான். வேலைய வாங்கிக்கிட்டான். கல்லு கல்லாப் பதிச்சான். கன்னம் வந்துச்சு, சிரிப்பு வந்துச்சு. கண்ண மட்டும் கடைசிவரைக்கும் தள்ளிப் போட்டான்.

வாங்க வந்த அன்னிக்கு அவ போட்டுக்கிட்டு நிமுந்து நின்னா. "வீடியோ எடுங்க. இப்பவே போடுங்க. ஊரே எம் புள்ளையப் பாக்கட்டும்."

பிங்கி எடுத்தான். பழக்கதோஷம், வாய் முந்திக்கிச்சு. "நீங்க ஊரு போய்ச் சேந்ததும் போடறேம்மா."

"ஏன்?"

"இல்ல... வீடியோவ ஏத்திட்டு நகையோட வெளிய போனா ஆபத்து. இந்தத் தெருவுல அதான் வழக்கம்."

லொரெட்டா தலையாட்டினா. பாதியில தலை நின்னுடுச்சு.

"எம் புள்ள வீடியோவ எப்பப் போட்டீங்க?"

பிங்கி கையில போன் இன்னும் வீடியோ எடுத்துக்கிட்டே இருந்துச்சு.