டிரெட்மில்லில் சொன்ன பொய்

தெருவில் அவளைப் 'பட்டாசு' என்றுதான் சொல்வார்கள். தையல் கடைக்காரி. நாளைக் காலை விசேஷத்துக்கு இன்று மாலை துணியை நீட்டுகிறவர்களையும், தண்ணீர் மோட்டார் போட மறக்கும் வீட்டு ஓனரையும் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அவளிடம் சிக்காமல் நழுவத் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன், பஸ் டிரைவர். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பான். அதைக் கேட்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் தொடர அவனுக்கு மருத்துவச் சான்று வேண்டும். ஈசிஜியில் ஏதோ சந்தேகம் என்று, நெஞ்சில் வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. வேகத்தைக் கூட்டியதுமே அவன் குரல் கேட்டது.

"நிறுத்துங்க மேடம். முழங்கால் வலிக்குது."

"நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?" டாக்டரம்மா கேட்டார்.

"சேச்சே, கால்தான்."

"துடிப்பு ஏறுறதுக்குள்ள இறங்கிட்டீங்களே. இத வச்சு எதுவும் சொல்ல முடியாது. வீட்ல மாடிப்படி ஏறினா எப்படி இருக்கு?"

"ஓடியே ஏறுவேன்."

அடப்பாவி மனுஷா! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"உனக்கு எப்பய்யா முழங்கால் வலிச்சுது? டாக்டர், இவரு பாதிப் படியில நின்னு ஃபோன நோண்டுறாரு. எட்டிப் பார்த்தா ஃபோன் ஆஃப்ல இருக்கு! தாடைய அமுக்கிக்கிட்டே நிக்கிறாரு, கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. கேட்டா பல்லு வலியாம். நானும் லூசு மாதிரி கிராம்புத் தைலம் தடவிவிட்டேன்!"

"வெளிய போ. என் வேலைக்கு உலை வைக்காத" என்று பல்லைக் கடித்தான்.

"ஸ்டியரிங் மேல சாஞ்சிட்டா பின்னாடி உக்காந்திருக்கவங்க கதி? என் கதி?"

டாக்டரம்மா அவளை அதட்டவில்லை. அவன் பக்கம் திரும்பி, "ஏறினா வருது, நின்னா போயிடுது. இது பல்லு வலி இல்லீங்க, இதயத்து வலிதான் தாடையில தெரியுது" என்றார்.

ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள். இனிமேல் பஸ்ஸைத் தொடக் கூடாது என்று வேலையிடத்திலும் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. வார்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்குவான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். கோபித்துக்கொள்ளவும் இவனுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! ஏமாந்தவள் அவள். பயந்து செத்தவளும் அவள். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஸ்ட்ரெச்சர் வந்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேச மாட்டியா? பேசாத. சாகுற வரைக்கும் பேசாத. ஆனா திரும்பி வந்து, என் எதிர்ல உக்காந்து பேசாம இரு!"