குமுளிக்குப் போன பத்துத் தேங்காய்

வண்டித்தாவளத்திலிருந்து பொள்ளாச்சி போகும் முதல் பஸ்ஸில், எங்களுக்கு முன்னால் எங்கள் மூட்டைகள் ஏறின. ஒன்றில் ஐந்து படி சிவப்பு மட்டை அரிசி. இன்னொன்றில் உரித்த தேங்காய் பத்து, புளி, மிளகாய்ப் பொடி, ஒரு அலுமினியக் குண்டான், அடுப்பெரிக்கக் கொட்டாங்குச்சி. "குடி மாறிப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உல்லாசப் பயணம் போகிறோம் என்றால் யார் நம்புவார்கள்?

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான பெருமாட்டியை விட்டால் பொள்ளாச்சி, அதற்கு அப்பால் நான் போனதில்லை. தேக்கடியில் படகில் போனால் யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அதையே சொல்லி என் வீட்டுக்காரரை அரித்துக்கொண்டிருந்தேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் கணக்கு, சோற்றில் கை வைத்துக்கொண்டும் கணக்கு. தோப்பில் மூன்று தடவை தேங்காய் வெட்டி முடிந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. மொத்தச் செலவு நூறு ரூபாய். திருச்சூர், கோட்டயம் என்று கேரளத்துக்குள்ளேயே சுற்றுவதைவிடப் பழனி, தேனி, கம்பம் வழியாகப் போனால் பஸ் காசு குறையும். ஹோட்டல் சாப்பாடு கிடையாது, அரிசியும் தேங்காயும் வீட்டிலிருந்து வரும்.

"நூறு தாண்டறாப்பல இருந்தா, எங்க நிக்கறமோ அங்கிருந்தே திரும்பிரோணும். சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன். ஒரு தடவை பாதி வழியில் திரும்பினால் இந்த மனுஷர் ஜன்மத்துக்கும் மறுபடி கிளம்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பழனிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மலையேறிக் கும்பிட்டுவிட்டு, மடத்தில் எட்டணா கொடுத்துத் தங்கினோம். மறுநாள் வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறி ஏறி, கம்பத்தில் வண்டிப்பெரியார் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். பக்கத்தில் உட்கார்ந்த பெண் பெயர் பேச்சியம்மா, வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். காலடியில் இருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யக்கா, அரிசியா கொண்டு வாரீக? குமுளியில புடுங்கிருவாகளே!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய மடத்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெருமாட்டியில் யாருக்கும் எல்லை என்பது மனசிலேயே கிடையாது. சந்தைக்குப் பொள்ளாச்சி, சினிமாவுக்குப் பொள்ளாச்சி, பெண் கொடுக்கவும் எடுக்கவும் பொள்ளாச்சி. தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதைக் கேள்விப்பட்டிருந்தோம். அது வாளையார்ச் சோதனைச் சாவடியில் லாரிக்காரன் பாடு என்று இருந்துவிட்டோம். எங்கள் கேரளத்து அரிசி தமிழ்நாட்டுக்குள் போய்விட்டுத் திரும்பக் கேரளத்துக்குள் நுழையப் போகிறது என்பது அத்தனை நாள் போட்ட கணக்கில் ஒரு வரி கூட வரவில்லை.

"மூட்டையில தேங்கா வேறயா? நல்லதாப் போச்சு. மலையில ஒரு காய் முக்கா ரூவா விக்கிது" என்று பேச்சியம்மா ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்குத் தேங்காயா நினைப்பில் நிற்கும்? பஸ் மலையேறத் தொடங்கியது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாகக் கிடந்ததாம், அவர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

குமுளிச் சோதனைச் சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி, நேராக எங்கள் மூட்டையில் கை வைத்தார்.

"இது ஆருடேது?"

"எங்களுதுங்க. எங்க வயல்ல வெளஞ்சதுங்க, பாலக்காட்டு அரிசிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாலக்காட்டு ஆளு கம்பம் வழி எதுக்கு வரணும்?"

"செலவு கொறையுமுங்க."

பஸ்ஸே சிரித்தது. காக்கிச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. மூட்டைகளோடு எங்களையும் கீழே இறக்கினார். டிரைவர் ஹாரனை அடிக்க, என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, "அரிசி போச்சுன்னா கணக்கு நிக்காது சரசு. அடுத்த வண்டியில ஊட்டுக்குத் திரும்பிரலாம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தேக்கடி அங்கிருந்து மூன்று மைல்தான். "அப்ப இதையும் எடுத்துக்கங்க!" என்று இரண்டாவது மூட்டையின் கட்டை அவிழ்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தேங்காய்கள் ரோட்டில் ஓடின. பின்னாலேயே கொட்டாங்குச்சிகள் கலகலவென்று கொட்டின. ஒரு காய் உருண்டுபோய்க் காக்கிச் சட்டைக்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொட்டாங்குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சிரட்டையுமா?" என்று கேட்டவர், உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏய், இங்கோட்டு வா! கேரளத்துக்குத் தேங்கா கடத்துற ஆளு வந்நிருக்கு!"

இன்னும் இரண்டு பேர் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு முதலில் வந்தவர் அரிசியை ஒரு பிடி அள்ளினார். சிவந்த மட்டை. "கம்பத்துல அரிசி வாங்குன ஆளு சிரட்டையைச் சுமந்துட்டு வரமாட்டான். போ, வண்டியில கேறு."

பேச்சியம்மாவும் நானும் ஓடி ஓடிப் பொறுக்கினோம். பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. இரண்டு நாளாக எந்த மூட்டையைப் பார்த்து மானம் போகிறது என்று நினைத்தேனோ, அதை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக ஏலக்காய் மணந்தது.

தேக்கடியில் வாடகை கூடுதல் என்று, அன்றிரவு வண்டிப்பெரியாரில் இரண்டு ரூபாய்க்கு ஒரு அறை. சமையல் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான பேச்சியம்மாவின் வீட்டில். மட்டை அரிசி வேக நேரமானதால் அவள் புருஷன் பசியில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். சாப்பிட்டவன் மூன்றாம் தடவையும் சோறு கேட்டான்.

மறுநாள் காலை மூட்டையோடு தேக்கடிப் படகுத் துறைக்குப் போனோம். அப்படியே ஊர் திரும்புவதாகத் திட்டம். என் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். ஒன்றுதான் இருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு?"

"கணக்குல ஒண்ணுதான் வந்துச்சு. நீதான யானை பாக்கோணும்னே? போயிட்டு வா, நான் மூட்டையப் பாத்துக்கறேன்."

மூன்று மாதமாக என்னை வெறுப்பேற்றிய அந்தக் கணக்கு முழுவதும் எனக்காகப் போட்டதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சமைத்ததும் பேச்சியம்மாவுக்குக் கொடுத்ததும் போக ஐந்து காய் மிச்சம். காய் ஒன்று முக்கால் ரூபாய் மேனிக்கு நான்கை விற்றேன். மூன்று ரூபாய். இன்னொரு டிக்கெட்டின் விலையும் அதுதான்.

யானைக் கூட்டத்தை முதலில் பார்த்தவர் அவர்தான். "சரசு, அங்க பாரு, குட்டி! குட்டி!" என்று அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்தார். படகு கரைக்குத் திரும்பும்வரை விடவில்லை.

மத்தியானம் கம்பம் போகும் பஸ் குமுளிச் சாவடியில் நின்றது. அதே காக்கிச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்து, "தேங்கா எவிடே?" என்றார்.

"வித்துட்டமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

காக்கிச் சட்டைக்காரர் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். பஸ் மலையிறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு நிஜமாகவே பச்சையாகத்தான் இருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இனி என்ன குறைந்தது, எது கூடியது என்று கேட்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

"வர்ற வருசம் இருவது காயா எடுத்துட்டு வந்துரலாம் புள்ள" என்றார்.