கார்ப்பெட்டில் வயல்சேறு

நம்புங்கள் என்று நான் யார் கையையும் பிடிக்கப் போவதில்லை. நானே பேயை நம்பி வளர்ந்தவன் இல்லை. சாத்தூர் பக்கம் கல்குவாரியில் அப்பா பாறை உடைத்தார், அம்மா ஜல்லி சுமந்தாள், பள்ளிக்கூட லீவில் நானும் சுமந்தேன். வெடி வைக்கும் சத்தம் ஒன்றுக்குத்தான் எங்களுக்குப் பயம். இருட்டைப் பார்த்துப் பயப்பட நேரம் இருந்ததில்லை, படுத்தால் தூங்கிவிடுவோம். ஆனால் போன வருடம் ஜூன், ஜூலையில் இங்கே அமெரிக்காவில், ரவுண்ட் ராக்கில் நடந்தது நடந்ததுதான். நேரம் முதற்கொண்டு என் போனில் இருக்கிறது.

எங்கள் எதிர் அபார்ட்மெண்டில் சுகெங் இருந்தான். ஜாவாக்காரன், என் டீமிலேயே வேலை, கல்யாணம் ஆகாதவன். என்னை "மாஸ்" என்பான். அவர்கள் பாஷையில் அண்ணன். "எங்க ஊர்ல மாஸுன்னா ஹீரோடா" என்று சொன்னேன். என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "அப்ப வேற பேர் வைக்கறேன்" என்றான். நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான். இங்கே என் பேச்சில் எழுதுகிறேன்.

மலையடியில் ஒரு நெல்லுக் கிராமம் அவனுடையது. படிப்படியாக இறங்கும் ஐந்து வயல். இரண்டை விற்றுத்தான் அப்பா அவனை அமெரிக்கா அனுப்பினார். மீதி மூன்றைப் பங்கு பிரிக்கச் சொன்னால், "சுகெங் வந்து வரப்பில் நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பாராம். இவன் பதினோரு வருடமாகப் போகவில்லை. கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது சந்தேகம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். என் கதையும் அதேதான். எனக்கு ஒன்பது வருடம்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் அவன் அப்பா வீடியோவில் வருவார். இங்கே மாலை எட்டு என்றால் அங்கே காலை எட்டு, கடிகாரத்தை மாற்றவே வேண்டாம். சேற்றில் நின்றபடி இடது காலைத் தூக்கிக் காமிராவில் காட்டிச் சிரிப்பார். கட்டைவிரல் இருக்காது, மண்வெட்டி கொண்டுபோய்விட்டது. என் அப்பாவிடம் பட்டன் போன்தான். சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு மிஸ்டு கால் கொடுப்பார், நான் திருப்பிக் கூப்பிடுவேன். "சாப்டியா, புள்ள நல்லாருக்கா?" அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 5, புதன்கிழமை. சுகெங்கின் தங்கை வாஹ்யூனி எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அப்பா வயலிலேயே விழுந்து இறந்துவிட்டார். அண்ணனிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால் கிளம்பி வந்துவிடுவான், விற்ற இரண்டு வயலும் வீணாகிவிடும். கார்டு வரும்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. என் மனைவி வான்மதியிடம் சொன்னேன்.

"அவன் போய் என்ன செய்யப் போறான்? செத்தவரு எந்திரிச்சா வரப் போறாரு?"

அவள் வாக்வம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இந்த வெள்ளைப் பொடி எங்கேருந்துதான் வருதோ, தினம் தினம் அள்ளிக் கொட்டுறேன். மேல் வீட்டுல சுவத்தை இடிக்கிறானா?" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு, இரவு 8.50. மாடிப்படியில் சுகெங் எதிரே வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"அப்பாகிட்ட பேசினேன் மாஸ். ரெண்டு வாரமா போன் ரிப்பேராம். இன்னிக்குத்தான் லைன் கிடைச்சது."

தங்கைதான் பழைய வீடியோ எதையோ ஓட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டேன். 9.14க்குப் பதில் வந்தது.

"யாரும் கூப்பிடவில்லை. அப்பா போன் என் அலமாரியில் இருக்கிறது. சார்ஜே இல்லை."

அடுத்த ஞாயிறும் பேசினான். அதற்கடுத்த ஞாயிறும். படம் தெளிவில்லை, குரல் மட்டும் நன்றாகக் கேட்கிறது என்றான். அப்பா இப்போதெல்லாம் நிறைய நடக்கிறாராம்.

"எங்க நடக்கறாரு?"

"கேட்டேன். பாதி தூரம் வந்துட்டேங்கிறார்." சிரித்தான். "வயசாயிடுச்சுல்ல மாஸ்... ஏதோ பேசறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறதி, பிரமை, வேலைக் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை அவன் கதவு வரை போனேன். இரண்டு தடவையும் அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு. அங்கே நாற்பதாம் நாள் சடங்கை முடித்துவிட்டதாக வாஹ்யூனி அன்று காலைதான் எழுதியிருந்தாள்.

மாலை 8.05. சுகெங் கதவைத் தட்டினான்.

"வா மாஸ். அப்பா உன்னைப் பாக்கணுமாம்."

போனேன். வெளியே நூறு டிகிரி தாண்டிய சூடு. மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை.

அவன் வீட்டு வாசலில், கார்ப்பெட்டில், ஈரச் சேறு.

கால் தடம். வெறுங்கால். வாசலிலிருந்து படுக்கையறை வரை போயிருந்தது... திரும்பி வந்த தடம் இல்லை.

இடது காலுக்கு நான்கு விரல்.

"என்னடா இது?"

"காலையிலேருந்து இருக்கு. மெயின்டனன்ஸ் ஆள் யாராவது இருக்கும்."

8.12. போன் அடித்தது. திரை இருட்டாக இருந்தது. தண்ணீர் மடையில் விழும் சத்தம். தவளைச் சத்தம். அப்புறம் ஒரு கிழவரின் குரல்.

சுகெங் ஜாவா பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தான். சட்டென்று நிறுத்தினான். என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமாம்."

"என்ன தெரியும்?"

"அதைத்தான் கேக்கறார். தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு."



"லைன் சரியில்லைடா... கட் பண்ணு."

அவன் கட் பண்ணினான். திரை அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

படுக்கையறையிலிருந்து வந்தது.

8.19. சொல்லிவிட்டேன். தேதி, இடம், எல்லாவற்றையும்.

அவன் அழவில்லை. குனிந்தான். சேற்றில் ஒரு விரலை வைத்து எடுத்து முகர்ந்தான்.

"எங்க மூணாவது வயல்" என்றான்.

படுக்கையறைக் கதவை அவன்தான் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. கட்டிலோரம் தரை மட்டும் சொதசொதவென்று இருந்தது, வெகுநேரம் யாரோ நின்ற மாதிரி.

செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டான். வக்கீல் போனில் கத்தியது எனக்கே கேட்டது. அவன் காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பினான்: வரப்பில் நிற்கிறான், முழங்கால் வரை சேறு. அதற்குப் பிறகு அவனுக்கு அந்தப் போன் வரவில்லை. இன்று வரை அவனால் அமெரிக்கா திரும்ப முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஜூலை 20, சனிக்கிழமை. இரவு 9.00. அப்பாவிடமிருந்து மிஸ்டு கால்.

திருப்பிக் கூப்பிட்டேன்.

"சாப்டியா, புள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்காப்பா."

பின்னால் சத்தம். டக்... டக்... டக்... கல்லில் உளி விழும் சத்தம். பல மாதமாகவே கேட்கிற சத்தம்தான். பிறந்ததிலிருந்து கேட்டதால் காதில் உறைத்ததே இல்லை. அன்று உறைத்தது.

"அப்பா, குவாரிய மூடி மூணு வருசம் ஆச்சே... அங்க என்ன சத்தம்?"

டக்... டக்...

நின்றது.

"நீ எப்ப வர்ற?"

லைன் போய்விட்டது.

9.06. தம்பி ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டேன்.

"அப்பாட்ட போனைக் குடு."

அவன் எழுந்து வெளியே போவது கேட்டது.

"லேய், அப்பாட்ட குடு. இப்பதான பேசுனேன்."

"யார்ட்டண்ணே பேசுன?"

"அப்பாட்டடா."

அவன் அழ ஆரம்பித்தான்.

"மாசியிலயே போயிட்டாருண்ணே. சொன்னா நீ கெளம்பிருவ, திரும்பப் போக முடியாதுன்னு... மதினிக்குத் தெரியும். கேட்டுட்டுத்தான் எடுத்தோம். நீ வந்து என்ன செய்யப் போற சொல்லு?"

"அவரு போன்?"

"சட்டைப் பையிலயே வச்சுப் பொதைச்சிட்டோம்ணே. அதுல வாரவாரம் உன்கிட்டப் பேசுவாருல்ல..."

திரும்பினேன். வான்மதி வாக்வம் பிடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து எங்கள் படுக்கையறை வரை வெள்ளைப் பொடி.

குனிந்து தொட்டேன். சுண்ணாம்பு இல்லை. சுவர்ப் பொடி இல்லை. நறநறவென்று இருந்தது. பத்து வயதில் என் தலையிலும் புருவத்திலும் படிந்திருந்த அதே கல்மாவு.

மாசியிலிருந்து ஆடி வரை. தினம் தினம் வந்திருக்கிறார்.

தினம் தினம் நாங்கள் அள்ளிக் குப்பையில் கொட்டியிருக்கிறோம்.