ராட்சசனுக்கு அம்மா உண்டா?

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. என் தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுத் தட்டில்தான் தின்று வளர்ந்தன. கல்யாணம், காட்சி என்று வந்தால் ஏழு பேருக்கும் நான்தான் அம்மாவாக மணையில் உட்கார்ந்தேன். யாராவது "உனக்கு ஐந்துதானே" என்று சொன்னால் அவர்கள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

படித்தது இரண்டாவது வரைக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதை எழுதுவது நான்தான். எழுத்துப் பிழையைத் திருத்தியவள் பேத்தி. கருத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. அதில் கை வைக்க அவளுக்கு அனுமதி கிடையாது.

சுனாமி அலை வந்ததற்கு அடுத்த சீசன், இரண்டாயிரத்து ஐந்து. கடல் கொண்டுவந்து போட்ட சேற்றை வாரி எடுத்துப் பாத்திகளைத் திரும்பக் கட்டுவதற்கே பங்குனி ஆகிவிட்டது. பாதி உப்பளம் அந்த வருஷம் திறக்கவே இல்லை. அதனால் வேலைக்கு ஒருநாள் நின்றுவிட்டால் அடுத்த நாள் நம் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். நாங்கள் ஒரே செட்டாக வேலை செய்த பெண்கள். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள். நாங்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவோம். கூலி செட்டுக்கு மொத்தமாக. யார் எத்தனை கூடை தூக்கினாள் என்று மேஸ்திரி கேட்க மாட்டார்.

என் இரண்டாவது மருமகள் அப்போது உண்டாகியிருந்தாள். முதல் தடவை உண்டானபோது கூடை தூக்கித் தூக்கியே தங்காமல் போயிற்று. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்தத் தடவை வீட்டில் உட்காரச் சொல்லலாம் என்றால் இடம் போய்விடும். அவளோ இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், பத்தாவது பாஸ், "நான் தூக்கறேன் அத்தே" என்று கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு ராட்சசன்.

அவள் அண்ணன் கீழ்புத்துப்பட்டில் சலூன் வைத்திருந்தான். கடைக்கு வாராவாரம் ஒரு பத்திரிகை வாங்குவான். புதுசு வந்ததும் பழசைத் தங்கைக்குக் கொடுத்தனுப்புவான். அதில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை. கூழ் குடிக்கிற நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து அவள் அதைத் தினம் கொஞ்சமாகப் படிப்பாள், நாங்கள் கேட்போம். கதை கேட்கிற ருசியில் ஒருநாள் யாரோ, "நீ உக்காந்து தொண்டையைப் பார்த்துக்க, உன் கூடையை நாங்க போட்டுக்கறோம்" என்றாள். அதுவே வழக்கமாகிவிட்டது. படிக்கிறவளுக்குக் கூடை இல்லை. அவள் பங்கை மற்றவர்கள் பிரித்துத் தூக்கிக்கொள்வோம்.

கதையில் ஒரு ராட்சசன். பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தவன். அந்த வாரம் என் ஓரகத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்புப் பட்டால் அவன் உடம்பு வெந்துபோகும். மழைக்காலம் முழுவதும் தூங்குவான். அவன் உயிரை ஓரிடத்தில் ஒளித்து வைத்திருக்கிறான், அந்த இடம் மூன்று உலகத்திலும் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைசியில் இளைய ராஜகுமாரி அவனை ஒரு குகையில் தள்ளி, வாசலில் உப்பைக் கொட்டி அடைத்துவிட்டாள். கதை எழுதினவன் கீழே "முற்றும்" என்று போட்டுவிட்டான்.

கொட்டகையில் ஒரே சத்தம்.

"உயிரு எங்கே இருக்குதுன்னு சொல்லாம எப்பிடி முடிப்பான்?" என்றாள் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி அவள். ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது எதுவும் அவளுக்கு மறக்காது, முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது உட்பட. "சம்பளம் வாங்கினான் இல்ல? முழுசா எழுத வேண்டியதுதானே?"

சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கதை முடிந்தால் கூடை வரும். மருமகளும் அதைத்தான் நினைத்திருப்பாள். மெல்ல, "மீதியை நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நல்லா இருக்குதே!" என்றாள் ஓரகத்தி. "அச்சுல இருக்கறதைப் படிக்கத்தான் உன் கூடையை நாங்க தூக்கறோம். நீயா வுடற கதைக்கு நாங்க ஏன் தூக்கணும்?"

"அச்சடிச்சவன் மட்டும் இன்னா, நேர்ல பார்த்துட்டா எழுதினான்?" என்றேன். "அவன் வுட்டதை ஒத்துக்குவே, என் மருமக வுட்டா ஒத்துக்க மாட்டியா?"

அவள் யோசித்தாள். "சரிக்கா. சொல்லட்டும். ஆனா அச்சுல வந்ததுக்கு மாறா ஒண்ணு வந்துச்சு, அன்னியோட கதை க்ளோஸு. கூடையை எடுத்துக்கணும்."

எல்லாரும் சரி என்றார்கள். மேஸ்திரி டீ குடிப்பதுபோல் வந்து நின்றவர், "அதான் நியாயம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அந்த உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

இப்படியாக உப்பளத்தில் ஒரு கோர்ட் நடந்தது. மருமகள் கதை சொல்வாள், ஓரகத்தி குறுக்கே விழுவாள், நான் எழுந்து வாதாடுவேன். அதுவரை இந்த மாயாஜாலம் எல்லாம் வெட்டிப் பேச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வேறு வழியில்லாமல் ராட்சசனுக்கு வக்கீலானேன்.

முதல் நாள், ராட்சசன் குகையிலிருந்து வெளியே வந்துவிட்டான் என்றாள் மருமகள்.

"எப்பிடி? வாசல்ல உப்பு இருக்குதே?"

"மழை பேஞ்சி உப்பு கரைஞ்சிடுச்சு."

"மழைக்காலத்துலதான் அவன் தூங்குவானே!"

"தூங்கட்டுமே," என்றேன். "அவன் தூங்கறப்ப மழை பாட்டுக்குப் பேஞ்சி உப்பைக் கரைச்சிட்டுப் போவுது. தை மாசம் எழுந்து மூஞ்சி கழுவிட்டு வெளியே வர்றான். நம்ம சீசன் தொறக்கற மாதிரிதான்."

கைதட்டினார்கள். ஓரகத்தி கூழில் உப்பு இல்லை என்றாள்.

பிறகு மருமகள் பெரிய இடத்தில் காலை வைத்தாள். ராட்சசனுடைய உயிர் ஓர் உப்பு அம்பாரத்துக்கு நடுவில் இருக்கிறது என்றாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"மாட்டிக்கினா!" என்று எழுந்தே விட்டாள் ஓரகத்தி. "உப்புப் பட்டா வெந்து போறவன் உப்புக்குள்ள கையை வுட்டு எப்பிடி உயிரை வச்சான்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவசரப்படவில்லை. வெற்றிலையை ஓர் ஓரம் ஒதுக்கினேன். "ஏண்டி, இவ்ளோ பெரிய அளம் வச்சிருக்கறாரே நம்ம முதலாளி, என்னிக்காவது உப்பைத் தொட்டு நீ பார்த்திருக்கியா? ராட்சசனும் ஆள் வச்சித்தான் வச்சிருப்பான்."

முதலாளி ஆள் யாராவது இருக்கிறார்களா என்று மேஸ்திரி திரும்பிப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஓரகத்தி உட்காரவில்லை.

"ஆள் வச்சான்னா அந்த ஆளுக்கு எடம் தெரியும் இல்ல? அவனைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு அச்சுல இருக்குது. இதுக்கு இன்னா சொல்றே?"

நான் வெற்றிலையைத் திரும்ப மெல்ல ஆரம்பித்தேன். மருமகள் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு எழுந்து நிற்பதே பெரிய பாடு. கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். நாங்கள் எல்லாரும் அந்தத் துணியைப் பார்த்தோம்.

"உக்காருடி," என்றாள் ஓரகத்தி. அவளுக்கே அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. "தூக்கறவளுக்கு உள்ள இன்னா இருக்குதுன்னு எவன் சொல்றான்? கூடையைத் தலையில வச்சான், அங்கே கொட்டுன்னான், கொட்டினா. அதுல உயிரு இருந்துச்சுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "அந்தக் கூடைக்காரி நானா இருக்கட்டும். என்னைக் கொஞ்சம் ஒசரமா சொல்லு" என்றாள்.

என் வாதத்தை அவள் ஜெயித்துக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றிலிருந்து அவள் குறுக்குக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். கதைக்குள் போய்விட்டவள் கதையில் குற்றம் பார்ப்பாளா? மற்றவர்களும் விடுவார்களா? ஒருத்தி ராஜகுமாரிக்குத் தோழி ஆனாள். ஒருத்திக்குப் பறக்கிற குதிரை கிடைத்தது, வீட்டில் ஒரு சைக்கிள் இல்லை. மேஸ்திரி தளபதி ஆனார். வாதாட ஆளில்லாமல் நான் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தேன். கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒருநாள் வீட்டில் சோறு போடும்போது மட்டும், "எல்லாரையும் சேர்த்துட்ட. வயசுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது" என்று பொதுவாகச் சொன்னேன்.

மறுநாள் கதையில் ஒரு கிழவி வந்தாள். வெற்றிலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அதை வீடு முழுக்கத் தேடுவாள். தேடும்போது எதிரில் யார் வந்தாலும் திட்டுவாள். கோபம் வந்தால் இடது புருவம் மட்டும் மேலே போகும். அவள்தான் ராட்சசனின் அம்மா.

எல்லாரும் என் புருவத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அது மேலேதான் இருந்தது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இரும்மா. ராட்சசனுக்குத்தான் அம்மா கெடையாதே? பொறந்த அன்னிக்கே அவ செத்துட்டதா வந்துச்சே?"

மருமகள் உண்மையாகவே அதை மறந்திருந்தாள். நான் மறக்கவில்லை. அந்தக் கிழவி வாசல் தாண்டி உள்ளே வந்தபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, நாக்கு நுனியில் வைத்திருந்தேன். ஓரகத்திக்கும் ஞாபகம் வந்திருக்கும். அழுதவள் அவள்தானே. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா சொல்லட்டும். வக்கீல் அவங்கதானே?" என்றாள்.

அவள் என்னை எங்கே நிறுத்தினாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆமாம், ராட்சசனுக்கு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால், நான் ராட்சசனின் அம்மா இல்லை. மானம் மிஞ்சும், ஆனால் மருமகள் கூடையை எடுக்க வேண்டும். வெளியே வெயிலில் அம்பாரம் கண்ணைக் கூசியது. மருமகள் என்னைப் பார்க்காமல் சும்மாட்டுத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவதான் செத்தா," என்றேன். "அச்சுல அப்பிடித்தான் இருக்குது. பச்சப் புள்ளை தானா வளர்ந்துடுமா? எவளோ ஒருத்தி தூக்கிப் பால் குடுத்து வளர்த்திருக்கா. வளர்த்தவ அம்மா இல்லைன்னு எவன் சொல்லுவான்? என் எதிர்ல வந்து சொல்லட்டும்."

இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அப்ப அந்த ராட்சசனை வளர்த்தது நீதான்னு ஒத்துக்கறியாக்கா?" என்றாள் ஓரகத்தி.

"ஏழு வளர்த்தவளுக்கு எட்டாவது ஒரு பாரமா?"

மேஸ்திரி தீர்ப்புச் சொல்வதுபோல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மருமகள் சும்மாட்டுத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பங்கில் நான் அன்றைக்கு இரண்டு கூடை கூடுதலாகத் தூக்கினேன். கோபத்தில்தான்.

ஆவணியில், குழந்தை பிறக்கிற சமயத்தில், கதையை முடித்துவிடலாம் என்று மருமகள் நினைத்தாள். இளைய ராஜகுமாரி மண்வெட்டியோடு அம்பாரத்துக்கு வந்துவிட்டாள். நான் விடவில்லை. "என் புள்ளையைக் கொல்ல நான் ஒத்துக்க மாட்டேன். அவன் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணான்?" என்று கேட்டேன். அவன் நிறையக் கெடுதல் செய்திருந்தான், அச்சிலேயே இருந்தது. யாரும் அதை எடுத்துக் காட்டவில்லை. கதை முடியாத வரைக்கும் கூடை இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், ஓரகத்திக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பிறகு மருமகளுக்கு வலி எடுத்தது, கதை முடியாமலே நின்றது. ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்து மூடினோம். ராட்சசனின் உயிரும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. கூனிமேடு பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் மேஸ்திரி இன்றைக்கும், "புள்ளை நல்லா இருக்கறானா?" என்று கேட்பார். "இருக்கறான், தூங்கறான்" என்பேன்.

இதைப் பொறுமையாக எழுதி முடிக்க எனக்கு வெகுநாள் ஆகிவிட்டது. இப்போது அந்த ஆவணியில் பிறந்தவள் பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், இங்கே வா. இதை முதல்லேர்ந்து படி, நான் கேக்கணும்."

"இரு ஆயா, பாத்திரம் பாதியில கெடக்குது."

"கெடக்கட்டும். அதை நான் துலக்கிக்கறேன். படிக்கறவளுக்கு வேலை கெடையாது. நீ உக்காந்து படி."